ஆறு குட்டிகளுக்கு என்ன போடுவது? முள் எடுத்த மீனும் சோறும் போதாது

தங்கச்சிமடத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் கவிழ்த்துப் போட்டிருந்த பழைய வள்ளத்தின் அடியில்தான் எங்கள் நாய் செவலை ஆறு குட்டி போட்டது. கடற்கரையில் வளர்கிற நாய்க்குச் சாப்பாட்டுக்கா பஞ்சம், மீனும் சோறும் பிசைந்து வைத்தால் தானாக வளரும் என்று நினைத்தேன். பத்தாவது வாரத்தில் ஒரு குட்டியின் முன்னங்கால் வில்லாக வளைந்தது. நான் செய்த தப்பை நீங்களும் செய்ய வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. முதலில் பூச்சி மருந்து

வயிறு மட்டும் பானை மாதிரி, முதுகெலும்பு துருத்திக்கொண்டு இருந்தால் நன்றாகச் சாப்பிடுகிறது என்று அர்த்தமில்லை, வயிற்றில் பூச்சி. இரண்டாவது வாரத்தில் தொடங்கி இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, எடைக்குத் தக்கபடி மருத்துவர் சொல்லும் அளவில் கொடுங்கள். தாய்க்கும் சேர்த்து.

2. மூன்றரை, நான்கு வாரத்தில் கூழ்

குட்டிகள் தாயின் தட்டில் காலை வைத்து நக்க ஆரம்பித்தால் நேரம் வந்துவிட்டது. குட்டித் தீவனத்தை வெந்நீரில் இருபது நிமிடம் ஊறவைத்து, ஆறியதும் பருப்பு மத்தால் கடையுங்கள். மிக்ஸி வேண்டவே வேண்டாம், பசையாகி மூக்கில் அப்பிக்கொள்ளும். வாரா வாரம் தண்ணீரைக் குறைத்தால் எட்டாவது வாரத்தில் கடித்தே தின்னும். பசும்பால் ஊற்றாதீர்கள், பல குட்டிகளுக்கு அது செரிக்காமல் வயிற்றுப்போக்கில் கொண்டுபோய் விடும்.

3. எதைத் தேர்ந்தெடுப்பது

நான் சறுக்கியது இங்கேதான். நாலாவது வாரத்திலிருந்து சூடை மீனை வேகவைத்து, முள்ளை ஒன்றுவிடாமல் எடுத்து, சதையை மட்டும் சோற்றில் பிசைந்து போட்டேன். மணிக்கணக்கில் உட்கார்ந்து முள் எடுத்ததில் எனக்கு ஒரு பெருமை வேறு. கால்நடை மருத்துவர் குட்டியின் காலைத் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, முள்ளை எடுத்துட்டுத்தான போடுறீங்க?"

"ஆமா சார், தொண்டையில குத்திருமே."

"அந்த முள்ளுலதான் இருந்துச்சு இதுக்கு வேண்டியது."

சதையில் பாஸ்பரஸ் நிறைய, கால்சியம் மிகக் குறைவு. சோற்றிலும் கால்சியம் அவ்வளவாகக் கிடையாது. ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் உடம்பு அதை எலும்பிலிருந்து உருவிக்கொள்ளும். எலும்பு வலுவிழந்து, வளர்கிற குட்டியின் பாரத்துக்கே வளையும். கோழிக்கறியை மட்டும் போட்டு வளர்க்கிறவர்களுக்கும் இதே கதைதான்.

இப்போது இரண்டு வழி சொல்கிறேன்.

ஒன்று, கடைத் தீவனம். பையின் முன்பக்கத்துப் படத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தைப் படியுங்கள். 'பப்பி' அல்லது 'குரோத்' என்றும், 'காம்ப்ளீட் அண்ட் பேலன்ஸ்டு' என்றும் இருக்க வேண்டும். 'அடல்ட்' என்றால் திருப்பி வைத்துவிடுங்கள். புரதம் 22 சதவீதத்துக்குக் குறைந்ததை நான் எடுப்பதில்லை. கால்சியம் பாஸ்பரஸைவிடக் குறையக் கூடாது, அதன் இரு மடங்கைத் தாண்டவும் கூடாது. மூட்டையைப் பிரித்துக் கிலோ கணக்கில் அள்ளிப் போடும் தீவனத்தில் இதெல்லாம் தெரியாது, அதனால் எனக்குப் பிடிக்காது.

இன்னொன்று, வீட்டுச் சமையல். சூடை, நெத்திலி போன்ற பொடி மீனைக் குடலை மட்டும் எடுத்துவிட்டு, உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் இல்லாமல் குக்கரில் அரை மணி நேரம் வேகவிடுங்கள். திறந்ததும் நடுமுள்ளை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவில் நசுக்குங்கள். சுண்ணாம்பு மாதிரி குழைய வேண்டும். நறநறவென்றால் மறுபடி அடுப்பில் ஏற்றுங்கள். பெரிய மீனின் முள்ளும் சமைத்த கோழி எலும்பும் வேண்டாம், சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும். பச்சை மீனும் வேண்டாம், சில மீன்களில் இருக்கும் ஒரு நொதி பி1 வைட்டமினை அழிக்கும், வேகவைத்தால்தான் அது அடங்கும். கூடவே வேகவைத்த முட்டை, வாரத்தில் ஓரிரு நாள் துளி கோழி ஈரல்.

ஆனாலும் வீட்டுச் சமையலை மட்டும் நம்பி எல்லாச் சத்தையும் சரிக்கட்டுவது கஷ்டம். நான் தீவனத்தைப் பிரதானமாக வைத்து, மீனைப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் கலக்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுத் தடைக்காலம், மீன் விலை ஏறிவிடும், அப்போது முட்டைதான். எதை மாற்றினாலும் ஒரு வாரம் எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள்.

4. அளவும் தட்டும்

பையில் போட்டிருக்கும் அளவு ஒரு நாளைக்கு, ஒரு வேளைக்கு அல்ல. மூன்று மாதம் வரை அதை நாலாகப் பிரியுங்கள், ஆறு மாதம் வரை மூன்றாக. ஆறு குட்டிக்கும் சேர்த்து ஒரே தாம்பாளம் வைத்தால் தடியன்கள் தின்று தீர்ப்பார்கள், கடைக்குட்டி ஓரத்தை நக்கும். அகலமான எவர்சில்வர் தட்டு ஆறு வாங்குங்கள். கழுத்தில் ஆளுக்கொரு நிற நூல், வாரம் ஒரு முறை டிஜிட்டல் தராசில் எடை. குட்டி வளர வளர நூலைத் தளர்த்த மறக்காதீர்கள். விலாவைத் தடவினால் எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும், கண்ணுக்கு எண்ணும்படி தெரியக் கூடாது.

இங்கே உப்புக்காற்று. மலிவு என்று இருபது கிலோ மூட்டை வாங்கினால் பாதியிலேயே நமுத்துச் சிக்கு வாடை அடிக்கும். சின்னப் பையாக வாங்கி, பையோடு மூடி போட்ட டப்பாவில் வையுங்கள்.

பிறகு சேர்த்தது: தொண்டியிலிருந்து ஒருவர், தீவனத்தோடு கால்சியம் டானிக்கும் ஊற்றலாமா என்று கேட்டிருந்தார். வேண்டாம். சின்னக் குட்டியின் குடலுக்கு, போதும் என்று நிறுத்தத் தெரியாது, வந்ததையெல்லாம் உறிஞ்சும். பெரிய இன நாய்களில் அதுவே எலும்பைக் கோணலாக்கும். எங்கள் குட்டிக்கும் மருத்துவர் சாப்பாட்டைத்தான் மாற்றினார், டானிக் தரவில்லை. கால் பெரும்பாலும் நிமிர்ந்துவிட்டது, லேசான வளைவு மட்டும் இருக்கிறது.

இன்னொன்று: கருவாடு கேட்டவர்களுக்கு: உப்பு அதிகம், குட்டிக்கு ஆகாது. அப்புறம், வலை உதறும் இடத்துக்குக் குட்டிகளை விடாதீர்கள். ஒதுக்கிப் போட்ட மீனில் பேத்தை என்ற விஷ மீனும் கிடக்கும். அதன் விஷம் வேகவைத்தாலும் போகாது. எங்கள் கடைக்குட்டி ஒன்றைக் கவ்விக்கொண்டு வந்து வாசலில் போட்டது. அன்றைக்கே பின்பக்கம் வலை கட்டிவிட்டேன்.