பூர்வகுடி மாணவர்களுக்கு ஹோட்டல் வேலைப் பயிற்சி: ரோஸ்டரிலிருந்து தொடங்குங்கள்

ஆஸ்திரேலிய ஹோட்டல்களில் சூப்பர்வைசராகவோ பயிற்சியாளராகவோ இருக்கும் தமிழர்களுக்கு, குறிப்பாக நாட்டின் நடுப்பாலைவனத்தில் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரம், உலுரு பெரும்பாறை பக்கம் வேலை பார்ப்பவர்களுக்கு இந்தக் குறிப்புகள். விடுப்பு கேட்டபோது சந்தேகப்பட்டது, எல்லார் முன்னிலையிலும் திட்டியது, சேர்ந்து நிற்கக் கூடாதவரோடு ஒரே ஷிப்டில் போட்டது: திறமையுள்ள பிள்ளையும் பாதியில் ஊர் திரும்பிவிட இவை போதும். லாபியில் பூர்வகுடிகளின் புள்ளி ஓவியம் மாட்டினால் இது சரியாகாது.

முதலில் மாதக் கணக்கு. பாலைவனச் சமூகங்களில் ஆண்களின் சடங்குகள் பெரும்பாலும் கோடையில், டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலான நாட்களில் நடக்கும். உலுருவில் அப்போது சுற்றுலாக் கூட்டமும் குறைவு. எனவே பயிற்சியை மார்ச்சில் தொடங்கி நவம்பரில் முடியுங்கள். ஹோட்டல் தொழிற்பயிற்சிச் சான்றிதழ்களில் செர்டிபிகேட் 2-க்கு 12 முழு ஷிப்டுகளும் அடுத்த நிலையான செர்டிபிகேட் 3-க்கு 36 ஷிப்டுகளும் செய்து காட்ட வேண்டும். அவற்றைக் கடைசி மாதத்தில் குவித்தால், ஒரு துக்கம் வந்தாலே சான்றிதழ் போய்விடும். வரி எண், வங்கிக் கணக்கு வேலைகளை ஒரு மாதம் முன்பே தொடங்குங்கள். சிலரிடம் பிறப்புச் சான்றிதழே இருக்காது.

ரோஸ்டர் (யாருக்கு எந்த ஷிப்ட் என்ற அட்டவணை) போடுமுன் ஒவ்வொருவரிடமும் தனியாக, முடிந்தால் ஆணிடம் ஆணும் பெண்ணிடம் பெண்ணுமாகக் கேளுங்கள்: யாரோடு நீ வேலை செய்யக் கூடாது? தொடக் கூடாத, சாப்பிடக் கூடாத இறைச்சி உண்டா? மருமகனும் மாமியாரும் ஒரே அறையில் இருப்பதே முறையல்ல என்ற விலக்கு இன்றும் பல குடும்பங்களில் உண்டு. ஹவுஸ்கீப்பிங் ஜோடி போடும்போது இது நேராக இடிக்கும். கங்காருவோ ஈமுவோ குலச்சின்னமாக இருந்தால் சிலர் அதை உண்ண மாட்டார்கள். சமையலறையில் வேறு வேலை கொடுங்கள். காரணம் கேட்காதீர்கள், பதிலை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

துக்க விடுப்பில்தான் அதிகம் பிசகுகிறது. சட்டப்படி நெருங்கிய குடும்பத்தில் மரணம் நேர்ந்தால் ஒவ்வொரு முறையும் 2 நாள். அந்தப் பட்டியலில் பெரியம்மாவும் சித்தப்பாவும் இல்லை. உலுருவின் அனங்கு மக்களுக்கோ தாயின் சகோதரியும் தாய், தந்தையின் சகோதரனும் தந்தை. தாய்மாமனும் அத்தையும் தனி உறவு. நம் உறவுமுறையும் ஏறக்குறைய இதுவே என்பதால், “போன மாதம்தானே அம்மா இறந்தார் என்றாய்?” என்ற கேள்வி ஒரு தமிழர் வாயிலிருந்து வரவே கூடாது. சாவுச் சடங்கு வாரக்கணக்கில் நீளலாம், ஊர் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளியும் இருக்கலாம். சில துறைகளின் அவார்டுகளில் (அந்தத் துறையின் குறைந்தபட்சச் சம்பளத்தையும் பணி நிபந்தனைகளையும் வகுக்கும் சட்ட ஆவணங்களில்) ஆண்டுக்கு 10 நாள் வரை சம்பளமில்லாச் சடங்கு விடுப்பு உண்டு. உங்களுடையதில் இல்லையென்றால் பணி ஒப்பந்தத்திலேயே எழுதிவையுங்கள். சூப்பர்வைசரின் மனநிலையைப் பொறுத்து விடுப்பு கிடைக்கும் நிலை வேண்டாம்.

இறந்தவரின் பெயரைச் சில காலம் உச்சரிக்க மாட்டார்கள். அதே பெயர் கொண்ட மாணவர் இருந்தால் அவரையும் வேறு பெயரால் அழைப்பார்கள். அனங்கு வழக்கில் அது ‘குன்மனாரா’. அன்றே பெயர்ப்பட்டையையும் ரோஸ்டரையும் மாற்றுங்கள். இறந்தவர் இருக்கும் புகைப்படங்களையும் விளம்பரத் தாள்களையும் குடும்பத்தைக் கேட்டு எடுத்துவிடுங்கள்.

வகுப்பில் “புரிந்ததா?” என்று கேட்டால் “ஆமாம்” என்றே பதில் வரும். அது மரியாதைக்குச் சொல்வது. “செய்து காட்டு” என்பதே சரி. உணவுப் பாதுகாப்பை எடுத்துக்கொள்ளுங்கள்: 5 டிகிரிக்கும் 60-க்கும் இடையில் வைத்த உணவை 2 மணி நேரத்துக்குள் திரும்பக் குளிர்பெட்டியில் வைக்கலாம், 2 முதல் 4 மணி வரை உடனே பரிமாறலாம், 4 மணியைத் தாண்டினால் குப்பை. இதைத் தாளில் எழுத வைக்காமல் மூன்று தட்டுகளில் நேரச்சீட்டு ஒட்டி, வெப்பமானியைக் கையில் கொடுத்துப் பிரிக்கச் சொல்லுங்கள். ஆங்கிலம் அவர்களுக்கு மூன்றாவது, நான்காவது மொழியாகவும் இருக்கலாம். கேள்வி கேட்டபின் மௌனம் நீண்டால் குறுக்கே பேசாதீர்கள். கண்ணைப் பார்க்காமல் பேசுவது அலட்சியம் அல்ல. தவற்றைத் தனியே, பக்கவாட்டில் நின்று, தாழ்ந்த குரலில் சொல்லுங்கள்.

கூப்பிட்டும் திரும்பாத மாணவருக்குக் காது கேட்காமல் இருக்கலாம். சிறுவயதுக் காதுத்தொற்று தொலைதூரச் சமூகங்களில் மிக அதிகம். அதன் விளைவான செவிக்குறை, புகைபோக்கி விசிறியும் பாத்திரம் கழுவும் இயந்திரமும் இரையும் சமையலறையில்தான் வெளிப்படும். 26 வயதுக்குட்பட்டவர்களுக்கு அரசின் ஹியரிங் ஆஸ்திரேலியா மூலம் இலவசச் சேவை உண்டு. முதல் வாரத்திலேயே எல்லாரையும் அனுப்பினால் யாரும் தனியாகச் சுட்டப்பட மாட்டார்கள்.

மதுக்கூடத்தில் உறவினர் வந்து நின்றால் மாணவரால் மறுக்க முடியாது. உறவின் கடமை அப்படி. பொறுப்பான மதுப் பரிமாறல் சான்றிதழ் இருந்தாலும் மறுக்கும் வேலையை சூப்பர்வைசரே ஏற்க வேண்டும். மாணவருக்கு ஒரு சைகையைச் சொல்லிக்கொடுங்கள், அவர் உடனே பின்னறைக்குப் போகலாம். மதுக்கூட வேலையே வேண்டாம் என்பவருக்கு காபி இயந்திரத்தைக் கொடுங்கள்.

கடைசியாக விருந்தினர்கள். “நீங்கள் அசல் பூர்வகுடியா?”, “இந்தப் பாறையின் கதை என்ன?”, “ஏன் ஏறக் கூடாது?” என்று கேட்பார்கள். ஏறுவது 2019 அக்டோபர் 26-லிருந்து தடை என்று சொல்லலாம். கதை வேறு விஷயம்: தொலைவில் வடகோடியிலுள்ள ஆர்ன்ஹெம் லேண்டிலிருந்து வந்த மாணவருக்கு உலுருவின் கதையைச் சொல்லும் உரிமை இல்லை, அது அனங்குகளுடையது. “நான் வேறு ஊர்க்காரன், பூங்காவின் பண்பாட்டு மையத்தில் கேளுங்கள்” என்ற ஒரு வரியைப் பழக்குங்கள். அதன் பிறகும் விருந்தினர் விடாமல் கேட்டால், மேசைக்குப் போக வேண்டியவர் சூப்பர்வைசர்.