பாஸ்போர்ட்டைத் தாத்தாவிடம் கொடுக்காதீர்கள்

சின்னப் பிள்ளைகளோடு ஊருக்குப் போகிறவர்களுக்குக் கொசு மருந்து, குடிதண்ணீர், தூக்கம் மாறுவது பற்றியெல்லாம் போதுமான அளவுக்கு எழுதியாயிற்று. நான் சொல்ல வருவது வேறு. பாஸ்போர்ட்டும் ஓசிஐ அட்டையும் (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் அட்டை) உங்கள் கைப்பையிலேயே இருக்கட்டும். "பத்திரமா நான் வச்சிருக்கேன், கொடு" என்று யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். கேட்பவர் உங்களைப் பெற்ற அப்பாவாக இருந்தாலும் சரி.

2023 டிசம்பரில் நியூ ஜெர்சியிலிருந்து தூத்துக்குடி மாவட்டம் ஏரல் பக்கத்தில் உள்ள எங்கள் ஊருக்குப் போனோம். மகளுக்கு அப்போது நாலரை வயது. அடுத்த செப்டம்பரில் கிண்டர்கார்டன். அதன் பிறகு அவளுக்கு ஊரில் பொங்கல் கிடையாது, ஏனென்றால் அமெரிக்காவில் ஜனவரி முதல் வாரத்திலேயே பள்ளி திறந்துவிடும். இதை நான்தான் போனில் அப்பாவிடம் சொன்னேன். பேச்சோடு பேச்சாகச் சொன்ன விஷயம். அவர் அதை எப்படி எடுத்துக்கொண்டார் என்பது போய் இறங்கிய பிறகுதான் தெரிந்தது.

தாத்தா ஆச்சிகளுக்கு நாள்காட்டி ஒரு பொருட்டே இல்லை. பேத்தி என்று வருகிறாளோ அன்றுதான் தீபாவளி. அந்த வருஷம் தீபாவளி நவம்பர் 12. அன்று அப்பா ஒரு வெடிகூட வெடிக்காமல், கம்பி மத்தாப்பு, சங்குசக்கரம், பாம்பு மாத்திரை எல்லாவற்றையும் பாலிதீன் பையில் சுற்றி அரிசி டிரம்முக்குள் வைத்திருந்தார். கார்த்திகை தீபத்துக்கு வாங்கிய அகல் விளக்குகளில் பாதி பெட்டி பிரிக்காமல் கிடந்தது. அதில் ஆச்சி, அதாவது என் அம்மா, பேத்திக்கென்று தனியாக எடுத்து வைத்த ஆறு விளக்கு. நீங்கள் போகும்போதும் இப்படி ஏதாவது காத்திருக்கும். ஆகவே போன முதல் வாரத்தில் சொந்தக்காரர் வீடு, கோயில், சுற்றுலா என்று நாளை நிரப்பாதீர்கள். அவர்கள் சேர்த்து வைத்த பண்டிகைகளுக்கு இடம் வேண்டும். நான் நிரப்பினேன். "தீபாவளியை நாளைக்கு வச்சுக்கலாம்ப்பா" என்று இரண்டு நாள் தள்ளிப்போட்டேன்.

மூன்றாம் நாள் டிசம்பர் 17. மார்கழி ஒன்றாம் தேதி. அன்று தொடங்கிய மழை என்ன செய்தது என்று எல்லாருக்கும் தெரியும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். ஸ்ரீவைகுண்டத்தில் திருச்செந்தூர் ரயில் நூற்றுக்கணக்கான ஆட்களோடு நின்றுவிட்டது. எங்கள் வீட்டுக்குள் தாமிரபரணி இடுப்பளவு வந்தது. மச்சில் ஏறி உட்கார்ந்தோம். அப்பா பாஸ்போர்ட்டுகளை முறுக்கு டப்பாவில் போட்டு, டப்பாவை மடியிலேயே வைத்திருந்தார். அரிசி டிரம்முக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. தண்ணீர் வடிந்த பிறகு அந்த மத்தாப்புக் கட்டுகளை முறத்தில் பரப்பி வெயிலில் வைத்தார், அப்பளம் காய வைப்பதுபோலத் திருப்பித் திருப்பி. ஒன்றுகூடப் பற்றவில்லை. நான் அந்த இரண்டு நாளைத் தள்ளிப்போடாமல் இருந்திருக்கலாம்.

இனி சிறுவீடு. நெல்லை, தூத்துக்குடிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காக. மார்கழி முழுக்க வாசலில் கோலம் போட்டு, சாணி உருண்டை பிடித்து அதில் பூசணிப்பூ வைப்பார்கள். பிறகு அந்தப் பூவையும் சாணியையும் சேர்த்து வரட்டி தட்டிக் காயவைப்பார்கள். தை பிறந்த பிறகு முற்றத்தில் களிமண்ணால் முழங்கால் உயரம்கூட இல்லாத ஒரு வீடு கட்டி, அறை பிரித்து, அடுக்களை வைத்து, வெள்ளையும் காவியும் பூசுவார்கள். அதன் வாசலில் பிள்ளைகள் தாங்களே சின்னப் பானையில் பொங்கல் விடுவார்கள். அதுதான் சிறுவீட்டுப் பொங்கல். பொங்கி முடிந்ததும் பூ வரட்டிகளில் சூடம் ஏற்றி ஆற்றில் விட வேண்டும். பெரியவர்களுக்குத் தைப் பொங்கல், பிள்ளைகளுக்கு இது. அன்றைக்கு வீட்டில் பிள்ளைகள் வைத்ததுதான் சட்டம். சில வீடுகளில் பொங்கலை ஒட்டியே நடத்திவிடுவார்கள். எங்கள் வீட்டில் தைப்பூசம்.

அந்த மார்கழியில் எங்கே போய்ப் பூசணிப்பூ தேடுவது? கொடியெல்லாம் சேற்றுக்குள். பக்கத்து வீட்டுப் பசு வெள்ளத்தோடு போயிருந்தது. அப்பாவுக்கு வயது 71. பழைய சைக்கிளில் தினமும் காலையில் கிளம்பி, மேட்டுப்பக்கம் ஊர் ஊராகப் போய், வேட்டி மடிப்பில் இரண்டு பூவும் தூக்குவாளியில் சாணியும் கொண்டு வருவார். ஒரு நாள் ஒரே ஒரு பூதான். அதுவும் பாதி வாடியது. மகள் அதற்குத் தண்ணீர் தெளித்து, "தூங்கிடுச்சு தாத்தா" என்றாள். "எந்திரிச்சிரும் தாயி" என்றார். எனக்கோ எரிச்சல். வீட்டுச் சுவரில் ஈரக்கோடு காயவில்லை, நிவாரணத் தொகைக்கு வரிசையில் நிற்க வேண்டும், இவர் பூ பறிக்கப் போகிறாரே என்று.

டிசம்பர் 28-ஆம் தேதி வாக்கில் பாதை சரியானதும், அப்பா முறுக்கு டப்பாவோடு பாளையங்கோட்டைக்குப் பஸ் ஏறினார். அங்கே வேலை பார்த்த காலத்தில் எடுத்த வங்கி லாக்கர் இன்னும் இருக்கிறது. ஆச்சியின் நகையோடு என்னுடையதும் மகளுடையதுமான பாஸ்போர்ட்டுகளையும் அதில் வைத்துவிட்டு வந்தார். இன்னொரு வெள்ளம் வந்தால் என்ன செய்வது என்ற பயம். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. என் கணவரின் பாஸ்போர்ட் அவருடைய லேப்டாப் பையில் இருந்ததால் தப்பியது. அவர் லீவு தீர்ந்து ஜனவரி 2-ஆம் தேதி கிளம்பிவிட்டார். (பிள்ளையோடு ஒருவர் மட்டும் திரும்புவதாக இருந்தால், மற்றவர் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம் ஒன்று கையில் இருப்பது நல்லது.)

எங்கள் விமானம் ஜனவரி 19 இரவு பத்து மணிக்குச் சென்னையிலிருந்து. 18 இரவு நெல்லை எக்ஸ்பிரஸ். தைப்பூசம் 25-ஆம் தேதி. "அதுக்கு முன்னாலயே சிறுவீட்டை வச்சிருவோம்ப்பா" என்றேன். பார்க்கலாம் என்றார். மண் காயவில்லை. ஈர மண்ணில் சுவர் எழுப்பினால் மறுநாள் காலையில் உட்கார்ந்திருக்கும். வரட்டியும் காயவில்லை. 17-ஆம் தேதி ஆச்சி ஒரு வரட்டியை விரலால் அழுத்திக் காட்டினாள். விரல் உள்ளே போயிற்று.

நாள்காட்டியைக் கொஞ்சம் பாருங்கள். ஜனவரி 13 இரண்டாவது சனி. 14 ஞாயிறு. 15 பொங்கல், 16 திருவள்ளுவர் தினம், 17 உழவர் திருநாள். ஐந்து நாள் வங்கி மூடல். ஆக, நான் அப்பாவோடு வங்கி வாசலில் போய் நின்றது 18-ஆம் தேதி காலை ஒன்பதே முக்காலுக்கு.

லாக்கரைத் திறக்க முடியாது என்றார்கள். ரிசர்வ் வங்கியின் புது விதிப்படி பழைய லாக்கர்காரர்கள் எல்லாரும் முத்திரைத்தாளில் புது ஒப்பந்தம் போட வேண்டும், கெடு 2023 டிசம்பர் 31. அப்பா போடவில்லை. சரி, இப்போது போடுகிறோம் என்றேன். கூட்டு லாக்கர், அம்மாவும் வர வேண்டும். அம்மா ஏரலில். வெள்ளத்தில் பாலத்துப் பக்கம் ரோடு அடித்துக்கொண்டு போன பிறகு பஸ் சுற்றிக்கொண்டு வருகிற காலம். முத்திரைத்தாள் வங்கியில் தீர்ந்துவிட்டது, வெளியே வாங்கி வாருங்கள் என்றார்கள். வெளியே விற்பவர், வெள்ளத்தில் சரக்கு நனைந்துவிட்டது, சாயங்காலம் வரும் என்றார். ஆளுக்கு இரண்டு போட்டோ. ஆதார் நகல். பான் நகல். நகல் எடுக்கப் போனால் கரண்ட் இல்லை. திரும்பி வந்தால் லாக்கர் பார்க்கிற வங்கி ஊழியர் சாப்பிடப் போயிருந்தார். மூன்று மணிக்கு வந்தவர் என்னைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்த்தார்.

"போன மாசம் வந்தப்பவே சொன்னேனே ஐயா. முப்பத்தொண்ணுக்குள்ள அம்மாவக் கூட்டிட்டு வந்து கையெழுத்துப் போட்ருங்கன்னு. தலையாட்டிட்டுத்தான போனீங்க?"

அப்பா மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்தார். நானும் பார்த்தேன். ஒரு இறக்கை லேசாக வளைந்திருந்தது.

கத்தினேன். வங்கி என்றும் பார்க்காமல் கத்தினேன். எழுபத்தோரு வயது மனிதரை, நாலு பேர் டோக்கனோடு உட்கார்ந்திருக்கும் இடத்தில், "உங்களுக்கு என்னதான்ப்பா வேணும்?" என்று. அவர் எழுந்து போய்த் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்து என்னிடம் நீட்டினார்.

மறந்தாரா, மறைத்தாரா என்று அன்றைக்கும் கேட்கவில்லை, இன்றைக்கும் கேட்கவில்லை.

மறுநாள் ஆச்சியை அழைத்து வந்து, கையெழுத்துப் போட்டு, லாக்கர் திறந்தபோது மாலை நாலு மணி. சென்னை 620 கிலோமீட்டர். இங்கே உபயோகமாக இரண்டு விஷயம். விமானத்தைப் பிடிக்க முடியாது என்று தெரிந்த உடனே, அது கிளம்புவதற்கு முன்பே, கூப்பிட்டுத் தேதியை மாற்றிவிடுங்கள். கிளம்பிய பிறகு வராதவர் கணக்கில் சேர்த்தால் அந்த டிக்கெட் பெரும்பாலும் அதோடு போயிற்று. இன்னொன்று, ஒரு தோழி சொன்ன யோசனை: "தொலஞ்சுபோச்சுன்னு சொல்லித் தூதரகத்துல அவசர பாஸ்போர்ட் வாங்கிரு." செய்யாதீர்கள். அமெரிக்க பாஸ்போர்ட்டைத் தொலைந்தது என்று ஒருமுறை சொல்லிவிட்டால், அடுத்த நிமிடமே கையில் கிடைத்தாலும் அது செல்லாது. மேலும் போலீஸ் புகார், விண்ணப்பம் என்று அது தனிக் கதை.

புது டிக்கெட் 28-ஆம் தேதிக்குக் கிடைத்தது. செய்தியைச் சொன்னபோது அப்பா, "அப்ப பூசம் வரைக்கும் இருக்கீக" என்றார். அவ்வளவுதான் சொன்னார். மாலையே களிமண் குழைக்க ஆரம்பித்துவிட்டார்.

மூன்று அறை, ஒரு அடுக்களை, ஒரு திண்ணை. பேத்தி, வீட்டுக்குக் கார் நிறுத்தும் இடம் வேண்டும் என்றாள். சிறுவீட்டுக்கு அப்படியெல்லாம் கிடையாது என்று ஆச்சி சொல்வதற்குள் அப்பா மண்ணைக் கிள்ளி ஒரு கார் செட் வைத்துவிட்டார். தைப்பூசத்தன்று பனை ஓலை வைத்துத் தீ மூட்டினார்கள். உழக்கு அரிசிகூடப் பிடிக்காத பானை. பொங்கி வழிந்ததும் ஆச்சி குலவையிட்டாள். மகள் பயந்து என் முழங்காலைக் கட்டிக்கொண்டு, அப்புறம் அவளும் நாக்கை ஆட்டிப் பார்த்தாள். சத்தம் வரவில்லை, எச்சில்தான் வந்தது. ஆற்றில் பதினோரு வரட்டி விட்டோம். ஒரு மாதம் முழுக்கச் சேர்த்தது அவ்வளவுதான். கரையெல்லாம் வெள்ளம் இழுத்து வந்த முள்ளும் துணியும். அப்பா முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்று ஒவ்வொன்றாக வாங்கி, சூடம் அணையாமல் தள்ளிவிட்டார்.

திரும்பும்போது பெட்டியை நீங்களே அடுக்குங்கள். அடுக்கிய பிறகும் ஒருமுறை திறந்து பாருங்கள். சென்னையில் விடுதியில் வைத்துத் திறந்தபோது, மகளின் ஸ்வெட்டருக்குள் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பூ வரட்டி இருந்தது. நடுவில் பூ பழுப்பாக ஒட்டிக்கிடந்தது. அங்கே எங்கள் வீட்டுப் பக்கம் ஓடும் ஆற்றில் விடுவதற்காம், ஆச்சி கொடுத்தாளாம். சாணி வரட்டியை அமெரிக்காவுக்குள் விடமாட்டார்கள், சுங்கத்தில் எடுத்துவிடுவார்கள். மகள் தூங்கிய பிறகு அதை எடுத்துப் போய் விடுதிக்கு வெளியே ஒரு வேப்பமரத்தடியில் வைத்துவிட்டு வந்தேன்.

நியூ ஜெர்சி வந்து நாலாம் நாள், "ஆத்துல விட்டாச்சாம்மா?" என்று கேட்டாள்.

விட்டாச்சு என்றேன்.