நீச்சல் குளத் தளத்தில் விரிசலா? பூசுவதற்கு முன் பாருங்கள்

குளத்தைச் சுற்றிப் புதிதாகப் போட்ட கான்கிரீட் தளத்தில் மறுநாளே விரிசல் தெரிந்தால், பதறிப்போய் சிமெண்ட் பாலை ஊற்றி மூடிவிடாதீர்கள். தலைமுடி போன்ற மெல்லிய கோடுகள் பெரும்பாலும் வெயிலும் காற்றும் மேல்பரப்பின் ஈரத்தை வேகமாக உறிஞ்சியதால் வருபவை. உடனே ஈரச்சாக்கு விரித்து, குறைந்தது 7 நாள் காயவிடாமல் வையுங்கள். கடும் கோடையென்றால் 10 நாள்.

விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். சில வாரங்களில் விரிசல் கோட்டைத் தாண்டினால், அது இன்னும் வளர்கிறது. அதன்மேல் கலவை பூசினால் அதே இடத்தில் மீண்டும் பிளக்கும். இழுத்தால் நீளும் பாலியூரித்தேன் சீலன்ட்தான் (இடைவெளியை அடைக்கும் ரப்பர் போன்ற பசை) தாங்கும்.

ஒரு நாணயத்தை விரிசலுக்குக் குறுக்கே தள்ளிப் பாருங்கள். விளிம்பில் தட்டி நின்றால், அடியில் நிரப்பிய மண் இறுகாமல் தளம் இறங்கியிருக்கக்கூடும். இதற்கு எந்தப் பூச்சும் மருந்தல்ல. வேலை செய்தவரை அழைத்து மண்ணைச் சரிசெய்யச் சொல்லுங்கள், தயங்க வேண்டாம்.

இனிமேல் தளம் போடுகிறவர்கள், விரிசல் கண்டபடி ஓடாமலிருக்க, 4 அங்குலக் கனத் தளத்தில் 8 முதல் 10 அடிக்கு ஒரு நேர்கோட்டு வெட்டு, 1 அங்குல ஆழத்தில் கேட்டு வாங்குங்கள். குளத்தின் விளிம்புக் கல்லுக்கும் தளத்துக்கும் நடுவே இடைவெளி விட்டு சீலன்ட் நிரப்புவதும் கட்டாயம்.