அரசின் புற்றுநோய்த் திட்டங்கள்: எங்கே தவறவிடுகிறோம்?

புற்றுநோய் என்று ரிப்போர்ட் கைக்கு வந்த பிறகுதான் நம்மில் பலருக்கு அரசாங்கத்தின் நினைப்பே வருகிறது. எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது, காப்பீட்டு அட்டை செல்லுமா என்று அப்போது ஓடுகிறோம். மத்திய அரசு 1975இல் தொடங்கிய தேசியப் புற்றுநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தை 1984இல் திருத்தியபோதே, தடுப்பதும் ஆரம்பத்தில் கண்டுபிடிப்பதும்தான் முக்கியம் என்று முடிவாகிவிட்டது. சுகாதாரத் துறை செய்யக்கூடிய நல்லதில் பெரும்பங்கு அந்த ரிப்போர்ட்டுக்கு முன்னாலேயே இருக்கிறது. அதைத்தான் நாம் கோட்டை விடுகிறோம்.

30 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அரசு மருத்துவமனையிலும் இலவசப் புற்றுநோய்ப் பரிசோதனை உண்டு. ஆணுக்கும் பெண்ணுக்கும் வாய், பெண்களுக்குக் கூடுதலாக மார்பகமும் கர்ப்பப்பை வாயும். “எனக்குத்தான் ஒன்றும் இல்லையே, எதுக்குப் போகணும்?” என்று கேட்பவர்களே அதிகம். ஒன்றும் இல்லாதவர்களுக்காக வைத்ததுதான் இந்தப் பரிசோதனை.

கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை பற்றிய பயம் தேவையில்லாதது. நீர்த்த அசிட்டிக் அமிலத்தைப் பஞ்சில் தொட்டு ஒற்றி, ஒரு நிமிடம் பொறுத்து, ஏதாவது இடம் வெள்ளையாக மாறுகிறதா என்று செவிலியரோ மருத்துவரோ பார்ப்பார். அவ்வளவுதான். வெள்ளையாக மாறினால் ‘பாசிட்டிவ்’ என்பார்கள். இங்கேதான் இரண்டு தவறுகள் நடக்கின்றன. சிலர் அதைப் புற்றுநோய் என்றே எடுத்துக்கொண்டு இடிந்துபோகிறார்கள். சாதாரணப் புண்ணோ கிருமித் தொற்றோ இருந்தாலும் வெள்ளை தெரியலாம். வேறு சிலர் பயத்தில் அடுத்த பரிசோதனைக்குப் போகாமலே இருந்துவிடுகிறார்கள். பெரிய இழப்பு இதுதான். கால்போஸ்கோப்பியில் உருப்பெருக்கிப் பார்த்து, தேவைப்பட்டால் துளி சதை எடுத்துச் சோதித்தால் விஷயம் தெளிவாகிவிடும். முன்நிலை மாற்றம் புற்றுநோயாக வளர பெரும்பாலும் பத்து ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆகும். அதற்குள் பிடித்துவிட்டால், பல பெண்களுக்கு ஆஸ்பத்திரியில் தங்காமலே சிகிச்சை முடிந்துவிடும். வீட்டில் இருப்பவர்கள் கூடப் போனாலே பாதி தயக்கம் போய்விடும் என்பது என் நம்பிக்கை.

‘நெகட்டிவ்’ வந்தால் ஆயுளுக்கும் கவலை இல்லை என்று நினைப்பது அடுத்த தவறு. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை திரும்பப் பார்க்க வேண்டும். மாதவிடாய் நின்றவர்களுக்கு இந்த முறையில் தெளிவாகத் தெரியாமல் போகலாம். வேறு பரிசோதனை வேண்டுமா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மாதவிடாய் நின்ற பிறகு ரத்தம் பட்டால் பரிசோதனை முகாம் வரும்வரை காத்திருக்காதீர்கள், நேரே மகளிர் நோய் மருத்துவரிடம் போய்விடுங்கள். அப்புறம், இந்த இலவசப் பரிசோதனைத் திட்டம் மூன்று வகைப் புற்றுநோயை மட்டுமே தேடுகிறது. நம் பக்கம் அதிகம் காணப்படும் இரைப்பைப் புற்றுநோய் இதில் அகப்படாது. காரணமில்லாமல் எடை குறைந்தாலோ, விழுங்கச் சிரமப்பட்டாலோ “போன மாசம்தான் செக்கப் செய்தேன்” என்று சும்மா இருக்கக் கூடாது.

ஆண்களுக்கு ஒரு வார்த்தை. குட்காவுக்குத் தடை போட்டாலும் பழக்கம் தானாக நின்றுவிடாது. வாய்ப் பரிசோதனையின்போது மனைவி பக்கத்தில் இருக்கிறாரே என்று புகையிலைப் பழக்கத்தை மறைக்காதீர்கள். புகையிலை சேர்க்காத வெறும் பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இலேயே அறிவித்துவிட்டது. இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வாய் முழுதாகத் திறக்க முடியாமை: இதில் எது இருந்தாலும் உடனே காட்ட வேண்டும்.

சரி, நோய் உறுதியாகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். முதலில் கையில் இருக்கும் பணத்தையெல்லாம் செலவழித்துவிட்டு, பாதி சிகிச்சையில் காப்பீட்டைத் தேடுவது மிகவும் வலிக்கும் தவறு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். இது ரொக்கம் இல்லாத திட்டம். ஏற்கெனவே கட்டிய பில்லைக் காட்டித் திரும்ப வாங்கலாம் என்று நம்பிவிடாதீர்கள். குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று மூன்றையும் உடம்பு நன்றாக இருக்கும்போதே எடுத்துப்போய்ப் பதிந்துவிடுங்கள். ஆஸ்பத்திரி மாறும்போது ரிப்போர்ட்டை மட்டும் கொண்டுபோனால் போதாது. சதைப் பரிசோதனையின் ஸ்லைடையும் (சதையின் மெல்லிய சீவல் ஒட்டிய கண்ணாடித் துண்டு) பிளாக்கையும் (மெழுகில் பதித்து வைத்த சதைத் துண்டு) லேபில் கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் மறுபடி சதை எடுக்க வேண்டியிருக்கும், நாளும் வீணாகும்.

கடைசியாக முகவரி. வெளியூரிலிருந்து சென்னைக்கு வந்து சிகிச்சை பெறுகிறவர்கள் பலர் தங்கியிருக்கும் உறவினர் வீட்டு முகவரியைக் கொடுத்துவிடுகிறார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1981இல் தொடங்கிய தேசியப் புற்றுநோய்ப் பதிவுத் திட்டம், நோயாளி எந்த ஊரில் வசிக்கிறார் என்பதை வைத்துத்தான் கணக்கெடுக்கிறது. ஊர் தவறாகப் பதிவானால் அந்த நோய் சென்னைக் கணக்கில் ஏறிவிடும், சொந்த மாவட்டத்தில் ஒன்று குறைந்துவிடும். மருத்துவர், கருவி, கதிர்வீச்சு வசதி எங்கே வேண்டும் என்று திட்டமிட இந்தக் கணக்கும் தேவைப்படுகிறது. அதனால் பதிவு செய்யும்போது சொந்த ஊர் முகவரியையே சொல்லுங்கள். தொடர்புக்கு வேண்டுமானால் உறவினர் போன் நம்பரைத் தனியாகக் கொடுக்கலாம்.