சிறைக்குள் ஊசியும் இருமலும்: சேலத்துக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

சேலம் அஸ்தம்பட்டியில் உள்ள மத்தியச் சிறைக்கு மனு பார்க்க, அதாவது உள்ளே இருப்பவரைச் சந்திக்க, வரும் தாய்மார்கள் முதலில் கேட்பது, ஜாமீன் எப்போது கிடைக்கும் என்பதைத்தான். போதைப் பழக்கம் உள்ள பிள்ளை உள்ளே இருந்தால் அதற்கு முன்பே கேட்க வேண்டியவை இரண்டு உண்டு: உள்ளே போன முதல் வாரத்தை அவர் எப்படிக் கடந்தார், வெளியே வரும் முதல் இரண்டு வாரங்களை எப்படிக் கடக்கப் போகிறார். உயிருக்கான ஆபத்து இந்த இரு முனைகளிலும்தான் மிகுதி. இடைப்பட்ட மாதங்களில் தொற்றுநோயே முதன்மையான கவலை.

கைதானவுடன் மருத்துவரிடம் எதையும் மறைக்க வேண்டாம். கைது செய்யப்பட்டவரை மருத்துவர் பரிசோதிக்க வேண்டும் என்பது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 53ஆம் பிரிவு. நாள்தோறும் குடித்தவருக்கும், தூக்க மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கியவருக்கும் அது திடீரென நின்றுபோனால், இரண்டு மூன்று நாட்களுக்குள் கைநடுக்கமும் வலிப்பும் புத்தித் தடுமாற்றமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஹெராயின் அல்லது டேபென்டாடால் போன்ற வலி மாத்திரைகளை நிறுத்தியவருக்கு ஓயாத வாந்தியும் வயிற்றுப்போக்கும் உடலின் நீரை வற்றச் செய்யும். எந்தப் பொருள், எவ்வளவு, கடைசியாக எப்போது, வேறு என்ன மருந்து சாப்பிடுகிறார் என்ற நான்கையும் ஒரு தாளில் எழுதி, வழக்கறிஞர் மூலமாகச் சிறை மருத்துவரிடம் சேர்ப்பியுங்கள். உண்மையைச் சொன்னால் வழக்கு கூடிவிடுமோ என்று அஞ்சுவோர் பலர். போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு, பொருளை உட்கொண்டதாகவோ சிறு அளவு வைத்திருந்ததாகவோ குற்றம் சாட்டப்பட்டவர் தாமாக முன்வந்து சிகிச்சையை ஏற்றால் வழக்கிலிருந்து விலக்குப் பெற வழிசெய்கிறது என்பதை வழக்கறிஞரிடம் நினைவூட்டுங்கள். வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதவர்கள் 15100 என்ற எண்ணில் இலவசச் சட்ட உதவி கேட்கலாம்.

மனு பார்க்கும்போது மாத்திரை கொண்டுவரச் சொல்லிப் பிள்ளை கெஞ்சினாலும் கொண்டுபோகாதீர்கள். பிடிபட்டால் தாய்மீதும் வழக்கு வரும். தவிப்பு அவ்வளவு கடுமையாக இருக்கிறதென்றால், அது மருத்துவரிடம் சொல்ல வேண்டிய செய்தி.

சிறைக்குள் போதைப்பொருள் அரிது, ஊசி அதைவிட அரிது. அரிதாக இருப்பதாலேயே ஒரே ஊசி பல கைகளுக்குப் போகிறது. தண்ணீரில் அலசிவிட்டோம் என்பது பாதுகாப்பே அல்ல, ஏனெனில் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி கிருமி ஊசிக்குழலில் தேங்கிய ரத்தத்தில் 63 நாள் வரை உயிரோடு இருந்ததை ஆய்வு காட்டியிருக்கிறது. பிளீச்சிங் கரைசலால் கழுவுவதுகூட ஆபத்தைக் குறைக்குமே தவிர நீக்காது. கரைக்கும் தண்ணீர், வடிகட்டும் பஞ்சு ஆகியவற்றைப் பங்கிட்டாலும் தொற்றும். மாத்திரையைக் கரைத்து ஏற்றுவோருக்கு இன்னொரு கேடும் உண்டு: மாத்திரையில் கலந்துள்ள மாவுப்பொருள் கரையாமல் ரத்தக்குழாயை அடைத்து, சீழ்ப்புண்ணாக்கும். பச்சை குத்தும் ஊசியும் சவர பிளேடும் இதே வேலையைச் செய்யும். ஹெபடைடிஸ் பி கிருமி காய்ந்த ரத்தத்தில் 7 நாளாவது தாக்குப்பிடிக்கும். ஆகவே பிளேடை யாரிடமும் வாங்கவோ கொடுக்கவோ கூடாது என்பதை மனுவின்போது வெட்கப்படாமல் சொல்லுங்கள். சுவிட்சர்லாந்தில் 1992 முதலே சில சிறைகளில் கைதிகளுக்குப் புதிய ஊசி வழங்கப்படுகிறது. இங்கே அந்த ஏற்பாடு இல்லை, இருக்க வேண்டும் என்பதே என் கருத்து.

எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, காசநோய் ஆகிய நான்குக்கும் பரிசோதனை கேட்கச் சொல்லுங்கள். 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டப்படி, அரசின் காவலில் உள்ளவருக்கும் பரிசோதனையும் சிகிச்சையும் பெறும் உரிமை உண்டு. அவருடைய ஒப்புதல் இல்லாமல் பரிசோதிக்கவோ முடிவை வெளியிடவோ கூடாது. ஊசி பகிர்ந்தவரும் பாலியல் வன்முறைக்கு ஆளானவரும் 72 மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் சொன்னால், எச்.ஐ.வி. தொற்றாமலிருக்க 28 நாள் தடுப்பு மருந்து தர இயலும். ஹெபடைடிஸ் பி-க்குத் தடுப்பூசி உண்டு. ஹெபடைடிஸ் சி-க்குத் தடுப்பூசி இல்லை, ஆனால் பெரும்பாலோருக்கு 12 வார மாத்திரையில் குணமாகிறது. அரசுத் திட்டத்தில் அது இலவசம். நெருக்கமான அறையில் இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமலைப் புகைபிடிப்பதன் விளைவு என்று தள்ளிவிடாமல் காசநோய்க்கான சளிப் பரிசோதனை கேட்க வேண்டும்.

விடுதலை நாளுக்கு முன்பே செய்ய வேண்டிய ஏற்பாடு ஒன்று உண்டு. காசநோய் மருந்தோ எச்.ஐ.வி.க்கான ஏ.ஆர்.டி. மருந்தோ சாப்பிடுபவர், ஜாமீன் உத்தரவு வந்த மாலையில் வெறுங்கையோடு வெளியே வந்து, ஏற்காட்டுக்குக் கடைசிப் பேருந்தைப் பிடித்து ஏறிவிட்டால், மருந்து அறுந்துபோகும். அறுந்த மருந்து, அதையே எதிர்த்து நிற்கக் கிருமியைப் பழக்கிவிடும். ஆதலால் மருத்துவக் குறிப்பின் நகல், காசநோய் என்றால் அரசுப் பதிவேட்டில் அவருக்குரிய நிக்ஷய் எண், சில நாட்களுக்கான மாத்திரை ஆகியவற்றை முன்கூட்டியே கேட்டு வையுங்கள். மலைக்கிராமத்தார் காசநோய் மருந்தை அருகிலுள்ள ஆரம்பச் சுகாதார நிலையத்தில் தொடரலாம், எச்.ஐ.வி. பரிசோதனைக்கும் ஆலோசனைக்கும் சேலம் அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்தை அணுகலாம்.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது, வெளியே வந்த பிறகு பழைய அளவையே எடுப்பது. சில வாரம் நிறுத்தியிருந்தாலே உடல் பழைய தாங்கும் திறனை இழந்துவிடும். முன்பு தூக்கம் மட்டுமே தந்த அளவு இப்போது மூச்சை நிறுத்திவிடும். இதைப் பிள்ளையிடம் திட்டாமல், ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்லுங்கள்: மீண்டும் தொட்டுவிட நேர்ந்தால் தனியாக வேண்டாம், பழைய அளவு வேண்டாம், மதுவோடும் தூக்க மாத்திரையோடும் கலக்க வேண்டாம். எழுப்பினால் எழாமல், உதடு நீலமாகி, குறட்டை போன்ற ஒலியோடு மூச்சு மெதுவானால், உடனே 108-ஐ அழைத்து, ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மூச்சு நின்றிருந்தால் வாயோடு வாய் வைத்து ஊதுங்கள். என்ன எடுத்தார் என்பதை ஆம்புலன்ஸில் வருபவரிடம் மறைக்காதீர்கள். ஹெராயின் போன்றவற்றின் போதையை முறிக்கும் நலோக்சோன் ஊசி போட்டதும் அவர் எழுந்து உட்கார்ந்து வீட்டுக்குப் போகலாம் என்பார். அதன் வேலை ஒரு மணி நேரம் போலத்தான் நீடிக்கும், உள்ளே உள்ள போதையோ அதைத் தாண்டியும் நிற்கும் என்பதால், மருத்துவர் அனுப்பும் வரை கட்டிலை விட்டு அவரை இறங்கவிடாதீர்கள்.