கொழும்பில் வயதானவர்களைப் பார்க்கிறோம் என்று நாம் விடும் பிழைகள்

வெள்ளவத்தையில் ஒரு மூன்றாம் மாடி வீடு. மாமி தன் மருந்துப் பையைச் சாப்பாட்டு மேசையில் கவிழ்த்தார். அரசாங்க ஆஸ்பத்திரி கிளினிக்கில் கொடுத்த கடதாசி உறைகள் ஒரு பக்கம், சனல் பண்ணி, அதாவது காசு கட்டித் தனியாரில் பதிந்து, பார்த்த டொக்டர் எழுதிய பெட்டிகள் மறுபக்கம். உறையில் மெட்போமின், பெட்டியில் குளுக்கோபேஜ். பெயர்தான் வேறு, மருந்து ஒன்றே. மாமி இரண்டையும் போட்டு வந்திருக்கிறார். அதனால் வயிறு குழம்ப, அதற்கென்று மூன்றாவதாக ஒரு குளிசையும் சேர்ந்துவிட்டது.

"ஒண்டு சீனிக்கு, மற்றது சத்துக்கு எண்டெல்லோ நினைச்சன் தம்பி."

டொக்டர்மாரைக் குறை சொல்ல முடியாது. சனலுக்குப் போகும்போது கிளினிக் கொப்பியை வீட்டில் வைத்துவிட்டுப் போனோம், முதல் பிழை அதுதான். எந்த டொக்டரிடம் போனாலும் கொப்பியும் போகவேண்டும், வீட்டிலிருக்கும் எல்லா மருந்தும் ஒரே பையில் போகவேண்டும். ஆயுர்வேத எண்ணெய், கனடாவிலிருந்து மகள் அனுப்பிய விட்டமின் உட்பட. ஆனால் இரட்டிப்பைக் கண்டதும் நாமே ஒன்றை நிறுத்துவதும் பிழை. எதை, எவ்வளவு என்பதை டொக்டர் சொல்லட்டும். மெட்போமின் அளவைச் சிறுநீரகத்தின் நிலை பார்த்தே முடிவு செய்வார்கள்.

அடுத்தது மொழி. டொக்டருக்குச் சிங்களம், அம்மம்மாவுக்குத் தமிழ், நடுவில் பேரன். அம்மம்மா நாலு நிமிடம் சொன்னதைப் பேரன் "ஒளுவ கெரகெனவா" (தலை சுத்துது) என்று இரண்டு சொல்லில் முடித்துவிடுவான். ஆனால் "தலைச்சுத்து" என்று நம் ஆட்கள் சொல்வது மூன்று விதம்: அறை சுழல்வது, கட்டிலால் எழும்பும்போது கண் இருட்டுவது, நடக்கும்போது தள்ளாடுவது. இதில் இரண்டாவது விதம், பிரஷர் மருந்தாலும் வரலாம். படுத்திருக்கும்போது ஒரு முறை, எழும்பி நின்று மூன்று நிமிடத்துக்குள் ஒரு முறை பிரஷர் பார்த்தால் பிடிபடும். மேல் அளவு 20 குறைந்தால் கவனிக்கவேண்டிய விஷயம். ஆகவே எப்போது, என்ன செய்யும்போது வருகிறது என்று கேட்டு, அப்படியே சொல்லவேண்டும். வயதானவரைப் பார்த்து டொக்டர் பேசும்போது நாம் முந்திக்கொண்டு பதில் சொல்வதும் இந்தப் பிழையின் தம்பிதான்.

கோயில் மண்டபத்திலும் சங்கத்திலும் நடக்கும் மருத்துவ முகாம்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. நல்ல மனதோடுதான் செய்கிறார்கள். சீனி பார்ப்பார்கள், ஒரு துண்டில் எண் எழுதுவார்கள், படம் எடுப்பார்கள். அந்தத் துண்டோடு யார் கிளினிக்குக் கூட்டிப் போவது? இரண்டு கிழமை கழித்து ஒருவர் போன் பண்ணிக் கேட்கவில்லை என்றால் முகாம் வைத்ததில் பாதிதான் பயன்.

60 வயது தாண்டியும் முதியோர் அடையாள அட்டை எடுக்காதவர்கள் நிறையப் பேர். பிரதேச செயலகத்தில் கேளுங்கள், வரிசையில் முன்னுரிமை கேட்க உதவும். பிள்ளைகள் கைவிட்டால் பராமரிப்புக் கேட்டுப் போகவும் 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. மானத்துக்குப் பயந்து பெரும்பாலானோர் அதைப் பேசுவதே இல்லை.

கடைசியாக, 1990 என்ற போன் இலக்கம். இலவச அம்புலன்ஸ். மாமி வீட்டில் எல்லோருக்கும் இலக்கம் தெரியும், ஆனால் புதிதாக வந்த வேலைக்காரப் பெண்ணுக்கு வீட்டு விலாசம் தெரியாது. ஒழுங்கையின் பெயர், காலி வீதியிலா கடற்கரைப் பக்கமா திரும்புவது, எத்தனையாம் மாடி, லிஃப்டில் படுக்கை போகுமா, இவ்வளவையும் பெரிய எழுத்தில் எழுதி பிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டு வந்தோம்.