கொயோஸை வானத்தில் தேடுவது எப்படி?

கிரேக்கக் கடவுள்களில் கொயோஸுக்கென்று சொந்தக் கதை கிடையாது. பழங்காலக் கிரேக்கக் கவிஞர் ஹீசியட், கடவுள்களின் பிறப்பைச் சொல்லும் தன் 'தியோகனி'யில் டைட்டன்களை (ஸீயஸுக்கு முந்தைய தலைமுறைக் கடவுள்களை) வரிசையாகச் சொல்லும்போது ஓசியானஸுக்கு அடுத்து இவர் பெயர் வருகிறது. பின்னால் மனைவி, மகள்கள், அவ்வளவுதான். ஆனாலும் எனக்குப் பிடித்த டைட்டன் இவர்தான். ஏனென்று புரிய, மொட்டைமாடிக்குப் போக வேண்டும்.

படி 1: பெயரைப் பிடியுங்கள். அயோனியக் கிரேக்கத்தில் 'கொயோஸ்' என்றால் 'எப்படிப்பட்டது?' கேள்விச் சொல்லே பெயராக இருப்பதால்தான் இவரை அறிவின் கடவுள் என்கிறார்கள். லத்தீனில் எழுதிய ஹைஜினஸ் இவரை 'போலஸ்' என்கிறார். வானம் சுழலும் அச்சுமுனை என்று பொருள்.

படி 2: குடும்பத்தை ஒரு தாளில் வரையுங்கள். அப்பா வானமான யுரேனஸ், அம்மா பூமியான கையா. மனைவி ஃபீபி. மகள்கள் லெட்டோ, அஸ்டீரியா. லெட்டோவின் பிள்ளைகள் அப்பல்லோவும் ஆர்ட்டெமிஸும். அப்பல்லோவின் கோயில் இருந்த டெல்ஃபியைக் கிரேக்கர்கள் பூமியின் தொப்புள் என்றார்கள். தாத்தா வானத்தின் அச்சு, பேரன் கோயில் பூமியின் நடு! இந்தப் பொருத்தத்தை முதலில் கவனித்தபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது.

படி 3: ஏப்ரல், மே மாதங்களில் இரவு 9 மணிக்கு வடக்கே பாருங்கள். சப்தரிஷி மண்டலத்தின் கிண்ண வடிவில், வாலுக்கு எதிர்ப்பக்க விளிம்பில் அடியில் இருப்பது புலகர், மேல்முனையில் இருப்பது கிரது. புலகரிலிருந்து கிரதுவுக்கு மனதில் ஒரு கோடு இழுத்து, அதே திசையில் அந்த இடைவெளியைப் போல ஐந்து மடங்கு நீட்டினால், வானத்தின் அச்சுமுனைக்குப் பக்கத்தில் நிற்கும் துருவ நட்சத்திரம். கையை நீட்டி முஷ்டி பிடித்தால் அதன் அகலம் சுமார் 10 பாகை. அடிவானத்திலிருந்து சென்னையில் ஒரு முஷ்டிக்குச் சற்று மேலே, 13 பாகையில் இருக்கும். ஏதென்ஸில் 38 பாகை, கிட்டத்தட்ட நான்கு முஷ்டி. இங்கே கட்டடமோ மரமோ மறைக்கும், வடக்கு வெட்டவெளியாக இருக்கும் இடமாகப் பாருங்கள்.

படி 4: நட்சத்திரம் இருந்த இடத்தை ஒரு கம்பத்தின் நுனியோடு வைத்துக் குறித்துக்கொண்டு, ஒரு மணி நேரம் கழித்து அதே இடத்தில் நின்று பாருங்கள். சப்தரிஷி நகர்ந்திருக்கும், துருவம் அங்கேயே நிற்கும்.

ஒன்றை மறக்காதீர்கள். பூமியின் அச்சு சுமார் 26,000 ஆண்டுகளுக்கு ஒருமுறை மெல்லச் சுற்றிவருவதால், பழங்காலக் கிரேக்கர்கள் பார்த்த துருவத்தில் இந்த நட்சத்திரம் இல்லை. அங்கே எந்த நட்சத்திரமும் இல்லை, வெற்றிடம்தான் என்று கி.மு. 2ஆம் நூற்றாண்டில் கிரேக்க வானியலாளர் ஹிப்பார்க்கஸ் எழுதிவைத்தார். கிரேக்கர்கள் பார்த்த கொயோஸ், கரடி மண்டலம் (நம் சப்தரிஷி இதில்தான் இருக்கிறது) சுற்றிவந்த அந்த இருட்டுப் புள்ளி.